அதிர்ஷ்டத்துக்கு 3 மதிப்பெண் வாங்கிய கப்பல்

உங்கள் கப்பல்களில் ஒன்று பலத்த சேதம் அடைந்துவிட்டது. திரையில் இரண்டு பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் முன்னேறலாம், மற்றதை அழுத்தினால் துறைமுகத்துக்குத் திரும்பலாம். எதிரித் தலைவனை அடைய இன்னும் ஒரே ஒரு சண்டைதான் பாக்கி. இத்தனை தூரம் வந்தாகிவிட்டது. திரும்பினால் செலவழித்த எரிபொருளும் குண்டுகளும் வீண். முன்னேறினால் அந்தக் கப்பல் மூழ்கிப் போகலாம். மூழ்கினால் மூழ்கியதுதான், மாதக்கணக்கில் வளர்த்த பாத்திரம் உங்கள் பட்டியலிலிருந்து நிரந்தரமாக நீங்கிவிடும்.

என்ன செய்வீர்கள்?

‘கான்டாய் கலெக்ஷன்’ என்ற ஜப்பானிய விளையாட்டில் வரும் நிலைமை இது. ரசிகர்கள் சுருக்கமாகக் ‘கான்கொரே’ என்பார்கள். 2013 ஏப்ரல் 23ஆம் தேதி இணைய உலாவியில் விளையாடும் விளையாட்டாக வெளிவந்தது. தொடக்கத்தில் கூட்டம் தாங்க முடியாமல், புதிதாகச் சேர விரும்புவோரைக் குலுக்கல் முறையில் சேர்க்க வேண்டியிருந்தது. இதில் நீங்கள் ஒரு கடற்படைத் தளபதி. உங்கள் கப்பல்கள் இரும்புக் கப்பல்களாக இருப்பதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலக் கப்பல் ஒவ்வொன்றும் அனிமே பாணியில் ஒரு பெண் பாத்திரமாக வரும். முதுகில் புகைபோக்கி, தோளில் பீரங்கி, தொடையில் டார்பிடோக் குழாய் என்று அவர்களின் உடலிலேயே கப்பலின் பாகங்கள் இருக்கும்.

வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். பாத்திரங்களைத் தொட்டால் வரும் எண் பட்டியலில் அறிவியல் மாணவர்களாகிய நீங்கள் கவனிக்க வேண்டிய வரி ஒன்று இருக்கிறது. கவசம், சுடும் திறன், தப்பும் திறன் ஆகியவற்றோடு ‘அதிர்ஷ்டம்’ என்றும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். சாதாரணக் கப்பலுக்கு அது 10 அளவில் இருக்கும். ‘யுகிகாசே’ என்ற நாசகாரிக் கப்பலுக்கு 50. ‘முட்சு’ என்ற பெரும் போர்க்கப்பலுக்கு வெறும் 3.

கவசத்தின் தடிமனை அளக்கலாம், பீரங்கிக் குழலின் விட்டத்தை அளக்கலாம். அதிர்ஷ்டத்தை எந்தக் கருவியால் அளந்தார்கள்? உண்மையில் அவர்கள் எதையும் அளக்கவில்லை. போரில் அந்தக் கப்பலுக்கு என்ன நடந்தது என்று வரலாற்றைப் பார்த்து, பிறகு போட்ட மதிப்பெண் அது. விளையாட்டுக்குள் அந்த எண்ணுக்கு வேலை உண்டு. இரவுச் சண்டையில் டார்பிடோவால் சிறப்புத் தாக்குதல் நடத்தும் வாய்ப்பு, அதிர்ஷ்ட எண் கூடக் கூட உயரும். நிரல் எழுதியவர் அப்படி ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார். ஆனால் உண்மையான கடலில் ஓடிய உண்மையான இரும்புக் கப்பலுக்குள் அப்படி ஏதாவது சேமித்து வைக்கப்பட்டிருந்ததா?

நினைவே இல்லாத பகடை

முதலில் எளிதான பகுதியைப் பார்த்துவிடுவோம். புதிய கப்பல் வேண்டுமென்றால் எரிபொருள், குண்டு, எஃகு, பாக்சைட் ஆகிய நான்கையும் கொடுத்துக் கட்ட வேண்டும். எந்தக் கப்பல் வரும் என்பது குலுக்கல். எதற்காக ஏங்குகிறோமோ அது மட்டும் வரவே வராது. இதற்கு ஜப்பானிய விளையாட்டாளர்களிடம் ஓர் அருமையான சொல் இருக்கிறது, ‘ஆசை உணரி’. புகையை உணர்ந்து அலறும் கருவி போல, நம் ஆசையை உணர்ந்து அந்தப் பொருளை மட்டும் மறைத்து வைக்கும் கருவி ஒன்று இயந்திரத்துக்குள் இருக்கிறதாம்!

அப்படி எதுவும் இல்லை. நிகழ்தகவுப் பாடத்தைச் சற்றே நினைத்துப் பாருங்கள். ஒரு கப்பல் கிடைக்கும் வாய்ப்பு 1 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். நூறு முறை குலுக்கினால் கட்டாயம் ஒருமுறை வந்தாக வேண்டும் என்று நம் மனம் கணக்குப் போடும். ஒருமுறை கிடைக்காமல் போகும் வாய்ப்பு 0.99. நூறு முறையும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு, 0.99ஐ நூறு முறை தன்னோடு தானே பெருக்கினால் வரும். கணிப்பானில் போட்டுப் பாருங்கள், 0.366 வரும். அதாவது நூறு பேர் ஆளுக்கு நூறு முறை குலுக்கினால், சுமார் 37 பேர் வெறுங்கையோடு போவார்கள். 99 விழுக்காடு உறுதி வேண்டுமானால் 459 முறை குலுக்க வேண்டும்.

அந்த 37 பேரில் ஒருவர் நீங்கள் என்றால், 101ஆவது முறை உங்கள் வாய்ப்பு எவ்வளவு? அதே 1 விழுக்காடுதான். நீங்கள் நூறு முறை தோற்றது பகடைக்குத் தெரியாது. இத்தனை முறை வராததால் இனி வந்தே தீரும் என்று நினைப்பது சூதாடிகள் காலங்காலமாகச் செய்யும் பிழை. நல்ல நேரம் பார்த்துப் பொத்தானை அழுத்துவதாலும் பயனில்லை. குலுக்கல் நடப்பது நிறுவனத்தின் கணினியில். உங்கள் திரையில் அசைபடம் ஓடத் தொடங்கும்போதே முடிவு வந்து சேர்ந்துவிட்டது.

கான்கொரேயில் காசு கொடுக்காமலே கப்பல் கட்டலாம். உங்கள் கைப்பேசியில் இருக்கும் பல விளையாட்டுகள் அப்படி அல்ல, ஒவ்வொரு குலுக்கலுக்கும் ரிங்கிட் கேட்கும். சிலவற்றில் இத்தனை முறைக்குப் பிறகு கட்டாயம் கிடைக்கும் என்று விதி இருக்கும். அங்கே பகடைக்கு நினைவு உண்டு, ஏனென்றால் நினைவை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். விதியை வாசிக்காமல் பெற்றோரின் அட்டை எண்ணைப் போட்டுவிடாதீர்கள்.

இதில் இன்னும் தந்திரமான ஒரு வகை இருந்தது. ஆறு பொருள்களையும் குலுக்கலில் சேர்த்து முடித்தால்தான் பெரிய பரிசு என்பார்கள். ஆறும் சம வாய்ப்புள்ளவை என்றாலும், எல்லாவற்றையும் சேர்க்கச் சராசரியாக 14.7 குலுக்கல் தேவை. அதில் கடைசிப் பொருளுக்கு மட்டுமே சராசரியாக 6 குலுக்கல் போகும். இன்னும் ஒன்றுதானே என்று நினைக்கும்போதுதான் செலவு உச்சத்தில் இருக்கும். ஜப்பானின் நுகர்வோர் விவகார அமைப்பு 2012இல் இந்த வகைக் குலுக்கல் சட்டத்துக்கு எதிரானது என்று அறிவித்தது.

19 கப்பல்களில் ஒன்று

இப்போது 50 மதிப்பெண் வாங்கிய யுகிகாசேக்கு வருவோம். பெயரின் பொருள் பனிக்காற்று. 1940இல் ஜப்பானின் சசெபோ துறைமுகத்தில் கட்டி முடிக்கப்பட்டது. நீளம் சுமார் 118 மீட்டர், வேகம் 35 கடல் மைல், அதாவது மணிக்கு 65 கிலோமீட்டர் அளவில். இதே வரைபடத்தில் மொத்தம் 19 கப்பல்கள் கட்டப்பட்டன. போர் முடிந்தபோது மிஞ்சியது யுகிகாசே மட்டும்தான்.

அது ஒதுங்கி நின்ற கப்பலும் இல்லை. ஜாவாக் கடல், மிட்வே, குவாடல்கனால், பிஸ்மார்க் கடல், லேய்ட்டே என்று பெரும் சண்டைகள் பலவற்றில் இருந்தது. 1945 ஏப்ரல் 7ஆம் தேதி, உலகின் மிகப் பெரிய போர்க்கப்பலான யமாட்டோ தன் கடைசிப் பயணத்தில் மூழ்கி, அதில் இருந்த சுமார் 3,000 பேர் இறந்தார்கள். அன்று உடன் சென்ற எட்டு நாசகாரிகளில் நான்குதான் திரும்பின. அவற்றில் ஒன்று யுகிகாசே. பிறகு நேச நாட்டினரிடம் சரணடைந்து, ஆயுதங்கள் கழற்றப்பட்டு, வெளிநாடுகளில் சிக்கிக்கொண்ட ஜப்பானியர்களை ஊருக்கு ஏற்றிச் சென்றது. ரபாவுலில் இடக்கையை இழந்த ஓர் இளம் சிப்பாய் 1946இல் அதில்தான் வீடு திரும்பினார். பிற்காலத்தில் பேய்க் கதைகளைப் படக்கதையாக வரைந்து புகழ்பெற்ற ஷிகெரு மிசுகிதான் அவர்.

இத்தனையும் கேட்ட பிறகு, இந்தக் கப்பலுக்கு அதிர்ஷ்டம் இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா? சொல்வதற்கு முன் ஒரு சோதனை.

பள்ளிச் சபைகூடலில் 1,000 மாணவர்கள் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு நாணயம். பூவா தலையா சுண்ட வேண்டும், பூ விழுந்தவர் உட்கார்ந்துவிட வேண்டும். முதல் சுற்றில் ஏறக்குறைய 500 பேர் உட்காருவார்கள். அடுத்த சுற்றில் 250 பேர். இப்படியே பத்துச் சுற்று போனால் ஏறத்தாழ ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருப்பார், பத்து முறையும் தொடர்ந்து தலை! எல்லாரும் கைதட்டுவார்கள். எப்படிச் சுண்டினாய் என்று கேட்பார்கள். அவரும் கட்டைவிரலைக் காட்டி ஏதாவது விளக்கம் சொல்லக்கூடும். ஆனால் யாராவது ஒருவர் நிற்பார் என்பது சுண்டுவதற்கு முன்பே எதிர்பார்க்கக் கூடியது. அது யார் என்பதுதான் தெரியாது. பதினொன்றாவது முறை அவருக்குத் தலை விழும் வாய்ப்பு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளது போலவே பாதிக்குப் பாதிதான்.

கப்பல்களுக்கும் இதே கணக்கு. ஒரு பேச்சுக்கு, ஒவ்வொரு கப்பலும் போரைத் தாண்டிப் பிழைக்கும் வாய்ப்பு 10 விழுக்காடுதான் என்று வைத்துக்கொள்வோம். யுகிகாசே பிழைக்கும் வாய்ப்பு 10 விழுக்காடு, சின்னதுதான். ஆனால் 19 கப்பல்களில் ஏதாவது ஒன்றாவது பிழைக்கும் வாய்ப்பு? 0.9ஐ 19 முறை பெருக்கி, 1இலிருந்து கழியுங்கள். 86 விழுக்காடு வரும். பிழைத்தது வேறு கப்பலாக இருந்திருந்தால், 50 மதிப்பெண்ணை அதற்குப் போட்டிருப்பார்கள்.

இன்னொரு விஷயம். யுகிகாசே உடன் சென்ற கப்பல்களைப் பாருங்கள். பெரும் போர்க்கப்பல் கொங்கோ 1944 நவம்பரில் மூழ்கியது. அதே மாதம் ராட்சத விமானந்தாங்கிக் கப்பல் ஷினானோ மூழ்கியது. அடுத்த ஆண்டு யமாட்டோ. மூன்றின் பக்கத்திலும் யுகிகாசே இருந்தது. ஒரே பட்டியலை ஒருவர் வாசித்தால் அதிர்ஷ்டக் கப்பல், தலைகீழாக வாசித்தால் கூட வருபவரைக் காவு கொடுக்கும் கப்பல். அதே தகவலிலிருந்து நேரெதிரான இரண்டு முடிவுகள் வருகிறதென்றால், அந்த முடிவுகள் தகவலுக்குள்ளிருந்து வரவில்லை என்று சந்தேகப்பட வேண்டும்.

எல்லாமே பகடைதான் என்றும் நான் சொல்லவில்லை. 1943 ஜூலையில் கொலோம்பங்காரா தீவருகே நடந்த இரவுச் சண்டையில், எதிரியின் ரேடார் அலைகளை உணரும் கருவி யுகிகாசேயில் இருந்தது. இருட்டில் எதிரி வருவது முன்கூட்டியே தெரிந்தால் அது அதிர்ஷ்டம் அல்ல, மின்னணுவியல். மாலுமிகளின் பயிற்சியும் அப்படித்தான். 1944இல் சபாவுக்குக் கிழக்கே உள்ள தாவி-தாவி தீவருகே பாறையில் உரசி அதன் சுழல்விசிறி சேதமடைந்தது. வேகம் குறைந்ததால், அடுத்து வந்த பெருஞ்சண்டையில் அதை எண்ணெய்க் கப்பல்களுக்குக் காவலாகப் பின்னால் வைத்தார்கள். இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

கடைசியாக ஒன்று. 1945 ஜூலை 30, மியாசு விரிகுடா. யமாட்டோவின் கடைசிப் பயணத்தில் உயிர் தப்பிய ஹட்சுஷிமோ என்ற நாசகாரி, கண்ணிவெடியில் சிக்கி அழிந்தது. அதே விரிகுடாவில் இருந்த யுகிகாசே தப்பியது. அமெரிக்கர்கள் ஜப்பானியக் கடலில் போட்ட கண்ணிவெடிகள் சிலவற்றில் எண்ணும் கருவி ஒன்று இருந்தது. மேலே போகும் முதல் கப்பலுக்கு வெடிக்காது, இரண்டாவதற்கும் வெடிக்காது, குறித்து வைத்த எண்ணிக்கை வந்ததும் வெடிக்கும். வழி பாதுகாப்பானது என்று நம்ப வைப்பதற்காகச் செய்த பொறியியல் அது. அப்படிப்பட்ட வெடிக்கு மேல் முதலில் போன கப்பலில் இருந்தவர்கள், தாங்கள் அதிர்ஷ்டசாலிகள் என்று நினைத்திருப்பார்கள்.

உடைந்ததால் பிழைத்தவை

நம் ஊருக்கு அருகிலும் இதே கதை உண்டு. கான்கொரேயில் தகாவோ, அதாகோ, மாயா, சோகாய் என்ற நான்கு சகோதரிகள் வருவார்கள். மியோகோ, நாச்சி, அஷிகாரா, ஹகுரோ என்று இன்னொரு நால்வர். இந்த எட்டும் ஜப்பானின் கனரகக் குரூசர் கப்பல்கள்.

1944 அக்டோபர் 23ஆம் தேதி பலாவான் தீவருகே அமெரிக்க நீர்மூழ்கிகளின் தாக்குதலில் அதாகோவும் மாயாவும் மூழ்கின. தகாவோ மூழ்கவில்லை, பின்பகுதி சிதைந்த நிலையில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது. இரண்டு நாள் கழித்து சோகாய் அழிந்தது. நவம்பரில் மணிலா விரிகுடாவில் நாச்சி. டிசம்பரில் மியோகோவின் பின்பகுதியை ஒரு டார்பிடோ உடைத்தது, அதையும் சிங்கப்பூருக்கு இழுத்து வந்தார்கள். பழுது பார்க்க வழியில்லை. நல்ல நிலையில் இருந்த ஹகுரோவும் அஷிகாராவும் தொடர்ந்து கடலுக்கு அனுப்பப்பட்டன. 1945 மே 16 அதிகாலை, பினாங்குக்கு அப்பால் மலாக்கா நீரிணையில் ஐந்து பிரிட்டிஷ் நாசகாரிகள் ஹகுரோவைச் சூழ்ந்து மூழ்கடித்தன. ஜூன் 8ஆம் தேதி பங்கா நீரிணையில் அஷிகாரா.

எட்டில் மிஞ்சியவை எவை? சிங்கப்பூரில் உடைந்து கிடந்த இரண்டும்தான். தகாவோவையும் விடவில்லை. ஜூலை 31ஆம் தேதி ஒரு குட்டி பிரிட்டிஷ் நீர்மூழ்கி ஜொகூர் நீரிணைக்குள் நுழைந்து அதன் அடியில் வெடிகளை வைத்தது. அவை காந்தத்தால் ஒட்டும் வெடிகள். கப்பலின் அடிப்பகுதியில் சிப்பியும் பாசியும் தடிமனாகப் படிந்திருந்ததால், நீரில் மூழ்கிச் சென்ற வீரர் அவற்றைச் சுரண்டிய பிறகே காந்தம் பிடித்தது. வெடித்தது, ஓட்டை விழுந்தது. ஆனால் தகாவோ ஏற்கெனவே கடலோட முடியாத கப்பல். போருக்குப் பிறகு, 1946இல், பிரிட்டிஷார் இரண்டையும் மலாக்கா நீரிணைக்கு இழுத்துச் சென்று மூழ்கடித்தார்கள்.

இங்கே சற்று நிற்க வேண்டியிருக்கிறது. இந்தக் கப்பல்கள் காத்து நின்ற ஆட்சியின் கீழ்தான் சயாம் மரண ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கொண்டு செல்லப்பட்டார்கள். விளையாட்டில் எதிரி என்று வருபவை கடலாழத்திலிருந்து எழும் பெயர் தெரியாத உருவங்கள். மலாயா அதில் இல்லை. பாத்திரங்களை ரசிப்பதில் தவறில்லை. ஹகுரோ கூச்ச சுபாவமுள்ள பெண்ணாக வந்து பேசும்போது, அந்தப் பெயருடைய இரும்பு பினாங்குக் கடலடியில் நூற்றுக்கணக்கானோரின் கல்லறையாகக் கிடக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

தொடக்கத்தில் கேட்ட கேள்வியை மறந்துவிடவில்லை. முன்னேறுவதா, திரும்புவதா? கான்கொரேயில் ஒரு விதி இருக்கிறது. பலத்த சேதத்தோடு நீங்கள் முன்னேறினால்தான் கப்பல் மூழ்க வாய்ப்பு உண்டு. திரும்பிவிட்டால் மூழ்காது. அப்படியானால், கப்பலை இழந்துவிட்டு அதிர்ஷ்டம் இல்லை என்று புலம்புபவர் பகடையைக் குறை சொல்கிறார், ஆனால் பொத்தானை அழுத்தியது அவர் விரல். ஏற்கெனவே செலவான எரிபொருள் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் திரும்பி வராது. ஹகுரோவையும் அஷிகாராவையும் கடலுக்கு அனுப்பியவர்களிடமும் ஒரு பொத்தான் இருந்தது.

முட்சுவின் எஃகு

இனி அந்த 3 மதிப்பெண். முட்சு 1921இல் கடற்படையில் சேர்ந்த பெரும் போர்க்கப்பல். 1943 ஜூன் 8ஆம் தேதி ஹிரோஷிமா அருகே ஹஷிராஜிமா நங்கூரமிடும் இடத்தில் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் எதிரி இல்லை, சண்டை இல்லை. நண்பகலில் மூன்றாவது பீரங்கி மேடைக்குக் கீழே இருந்த வெடிமருந்துக் கிடங்கு வெடித்து, கப்பல் இரண்டாகப் பிளந்தது. கப்பலில் இருந்த 1,474 பேரில் 1,121 பேர் இறந்தார்கள். விமானப்படைப் பயிற்சிக்காகச் சேர்ந்து, அன்று கப்பலைப் பார்க்க வந்திருந்த இளைஞர்களும் அவர்களில் உண்டு. முதலில் புதுவகை எரிகுண்டுகள் மீது சந்தேகம் விழுந்தது, சோதித்துப் பார்த்ததில் அவை காரணமில்லை என்று தெரிந்தது. பிறகு மாலுமி ஒருவரின் செயலோ என்று விசாரணைக் குழு ஐயப்பட்டது. காரணம் இன்றுவரை உறுதியாகவில்லை. காரணம் தெரியாத இடத்தில்தான் அதிர்ஷ்டம் என்ற சொல் வந்து உட்காருகிறது.

1970களில் முட்சுவின் பெரும்பகுதியைக் கடலடியிலிருந்து மீட்டார்கள். அப்போது அதன் எஃகுக்கு எதிர்பாராத மதிப்பு இருந்தது. 1945 ஜூலையில் உலகின் முதல் அணுகுண்டுச் சோதனை நடந்தது. அதன் பிறகு நடந்த சோதனைகளால் கதிரியக்கத் துகள்கள் உலகெங்கும் காற்றில் கலந்தன. எஃகு உருக்கும்போது உலைக்குள் ஏராளமாகக் காற்றோ ஆக்சிஜனோ செலுத்த வேண்டும், அதோடு அந்தத் துகள்களும் எஃகில் சேர்ந்தன. உலைச் செங்கற்களின் தேய்மானத்தைக் கண்டறிய கோபால்ட்-60 பதிக்கும் வழக்கமும் இருந்தது, செங்கல் தேயும்போது அதுவும் எஃகில் கலந்தது. அளவு மிகச் சிறியது, உடலுக்குக் கேடில்லை. ஆனால் மிக நுண்ணிய கதிர்வீச்சை அளக்கும் கருவியை இந்த எஃகால் மூடினால், கவசமே சத்தம் போடும்.

1921இல் முடிந்த கப்பலின் எஃகில் அந்தச் சத்தம் கிடையாது. அணுயுகத்துக்கு முன் உருக்கியது, பிறகு நீருக்கடியில் கிடந்தது. ஜப்பானிய ஆய்வுக்கூடங்கள் ‘முட்சு இரும்பு’ என்றே பெயர் சொல்லி அதை வாங்கி, அளவைக் கருவிகளைச் சுற்றிக் கவசமாக வைத்தன. மனித உடலிலேயே இயற்கையான பொட்டாசியம்-40 இருக்கிறது. வளர்ந்த ஒருவர் உடலில் நொடிக்குச் சுமார் 4,000 அணுக்கள் சிதைகின்றன. இத்தகைய மெல்லிய கதிர்களை எண்ண வேண்டுமானால் சுற்றிலும் அமைதியான இரும்பு வேண்டும்.

விளையாட்டில் முட்சுவின் அதிர்ஷ்டம் இன்றும் 3தான். மேம்படுத்தினால் 6.